ஃபரூஜாவின் வாழைப்பழ எசன்ஸ்

ஃபரூஜா ரவை மாவில் வாழைப்பழ எசன்ஸை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தாள். மூன்று சொட்டு போதும். அவள் ஒரு கரண்டி விட்டாள். மறுநாள் கல்யாண வீட்டார் இவள் செய்யும் மக்ரூத் என்ற ரவைப் பலகாரத்தையும் பக்கத்து வீட்டு நெஜ்மாவின் மக்ரூதையும் ருசி பார்த்து, ஒருத்தியிடம்தான் பலகாரம் சொல்லப்போகிறார்கள். தோய்க்கத் தேன் வேண்டி, எசன்ஸ் வாசனை போகாத அதே கையோடு தேனீப் பெட்டியைத் திறந்தாள்.

கையிலும் முகத்திலுமாகப் பதினொரு கொட்டு. முன்பு நர்ஸாக இருந்த அவள் அக்கா நான், கொடுக்குகளை நகத்தால் சுரண்டி எடுத்தேன்.

"அந்த நெஜ்மாதான் ஏவிவிட்டிருப்பா!"

"உன் கைதான்டி ஏவிச்சு. கொட்டுற தேனீ மத்ததைக் கூப்பிட விடுற வாசனையும் இதேதான்."

"அப்ப இது விஷமா?"

"சொட்டுக்கணக்குல தின்னா ஒண்ணும் ஆகாது. நீ ஊத்துனதை எவ வாயில வைப்பா?"

மறுநாள் காலை அந்த மாவைக் கொட்டிவிட்டு, கையைச் சோப்பால் தேய்த்து, எசன்ஸே இல்லாமல் புதிதாகச் செய்தாள். கல்யாண வீட்டில் வீங்கிய கண்ணோடு, ஒரு தேனீயாவது வந்து உட்காராதா என்று நெஜ்மாவின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.