முருங்கை வழக்குக்காரரின் சைக்கிளில்

1985 ஆனி மாத நாட்குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்: "இன்றைய பத்திரிகைத் தலைப்பு, 'முருங்கைக்காய்க்காக நட்டஈட்டு வழக்கு!' வழக்குப் போட்ட மனிதருக்கு வேறு வேலையில்லை."

மறுவாரம் தெல்லிப்பழையில் பஸ் வரவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் உடுவில்வரை தம் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டார். பேச்சுக்கு அந்தச் செய்தியைச் சொல்லிச் சிரித்தேன். சைக்கிள் நின்றது.

"உந்த வழக்குக்காரன் நான்தான். பக்கத்து வளவுக்காரனிட்டை, பட்டுப்போன பனையைத் தறி எண்டு எத்தினை தரம் சொன்னன். அது விழுந்து என்ரை அடுக்களை போச்சுது. முருங்கை முறிஞ்சது வழக்கு மனுவிலை கடைசி வரி. பேப்பர்காரன் அதை மட்டும் பிடிச்சிட்டான். மகளைப் பொம்பிளை கேட்டு வந்த ஆக்களும், 'முருங்கைக்காய் வீடோ' எண்டு திரும்பிப் போயிட்டினம்."

மன்னிப்புக் கேட்டேன்.

"அது கிடக்கட்டும். இனி நீர் சைக்கிளை உழக்கும். நான் பின்னாலை இருந்து முழுக்கச் சொல்லுறன்."

எதிரே சோளகக் காற்று. சுன்னாகத்தில் எனக்கு மூச்சு முட்டியது. அவர் அப்போதுதான் மனுவின் இரண்டாம் பந்திக்கு வந்திருந்தார்.

உடுவிலில் இறங்கியதும் அவரிடம் அந்த மாப்பிள்ளை வீட்டு விலாசம் வாங்கி, கேட்டதை அப்படியே எழுதி அனுப்பினேன். இப்போதெல்லாம் வழக்குச் செய்தியைப் பதிந்தால், வழக்குக்காரர் சொல்வதை எழுத நாட்குறிப்பின் எதிர்ப்பக்கத்தை வெறுமையாக விடுகிறேன். தீர்ப்பு எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. அவர் மகளின் கலியாணம் சரிவந்துவிட்டதாகச் சந்தையில் ஒருவர் சொன்னார். அதை நான் இன்னும் உறுதிப்படுத்தவில்லை.