இடுப்பு உயர அருவி

தொண்ணூற்று ஒன்றில் சுங்குவார்சத்திரத்தில் ஒரு டீக்கடையில் கிளாஸ் கழுவினேன். படுக்கை கடை பெஞ்சில், குளியல் ஏரிக் கலங்கலில். மழையில் நிரம்பிய ஏரி அங்கே இடுப்பு உயரத்திலிருந்து வழிந்து விழும்.

ஞாயிறுதோறும் தொந்தியும் நரைத்த மீசையுமாக ஒருவர் கரைமேல் நடந்து வருவார். குற்றாலத்துப் பக்கத்துக்காரர், ஃபாக்டரி வேலை. உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு, தலை நனைவதற்காக விழும் தண்ணீருக்குக் கீழே சப்பணமிட்டு உட்காருவார்.

“இன்னா சார், கலங்கல் தண்ணிக்குப் போய் எண்ணெயா?” என்றேன்.

“மேலேருந்து விழுந்தா அருவிதாம்லே. ஊரை விட்டு வரமாட்டேன்னவகிட்ட, இங்கயும் அருவி இருக்குன்னு சொல்லிட்டேன். அதை நம்பித்தான் எம் பொண்டாட்டி குடித்தனம் பண்ண வாரா.”

அடுத்த ஞாயிறு அந்த அம்மாவும் வந்தார். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தவர், கலங்கல் தெரிந்ததும் நின்றுவிட்டார். அந்த அம்மா தண்ணீரைப் பார்த்தார், பிறகு கணவரைப் பார்த்தார்.

“இதுக்கா என்னைக் கூட்டிட்டு வந்திய?”

அவர் துண்டை முறுக்கிக்கொண்டு நின்றார்.

“சரி, எண்ணெயக் குடுங்க. ஆம்பளையெல்லாம் அந்தப் பக்கம் போங்க.”

ஆம்பளைகள் நாங்கள் இருவர்தான். மறுகோடிக்குப் போனோம். கையில் ஊற்றி வந்த எண்ணெயில் அவர் என் தலையிலும் கொஞ்சம் வைத்தார். பிறகு எத்தனையோ பெரிய அருவிகளைப் பார்த்துவிட்டேன். அன்று அந்த மனுஷர் உட்கார்ந்த அளவு கர்வமாக எதன் கீழும் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.