ரிங்லெட்டில் பிரித்துப் பார்த்த காப்புறுதித் தாள்

மலைப்பாதையில் உள்ள ரிங்லெட் கடைத்தெருவில் எங்கள் பஸ்ஸைப் போலீசார் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். காலையில், மேலே தேயிலைத் தோட்டச் சாலையில் போன லோரி ஒன்றைக் காட்டுக்குள்ளிருந்து கம்யூனிஸ்டு கலகக்காரர்கள் சுட்டிருக்கிறார்கள். ராணுவ வண்டி துணைக்கு வந்தால்தான் இனி மேலே பயணம்.

எனக்கு அறுபத்திரண்டு வயது. மலையில் நடப்பதற்காக ஈப்போவிலிருந்து மனைவியோடு வந்திருக்கிறேன். வயதான பயணிகளுக்கென்று ஒரு காப்புறுதியும் எடுத்திருக்கிறேன். எது நடந்தாலும் அது கைகொடுக்கும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து தாளைப் பிரிக்கிறேன். கடைக்கார பாய் தேநீரை வைத்துவிட்டு எட்டிப் பார்க்கிறார்.

"என்னங்கய்யா போட்டிருக்கு?"

"வழுக்கி விழுந்தா பணம் உண்டு, பாய். துப்பாக்கிச் சூடுன்னா இல்ல."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லிடுங்க லா. கீழ போற லோரி ஒன்னு நிக்குது."

பஸ்ஸில் ஏறி, அங்கேயே உட்கார்ந்திருக்கும் மனைவியிடம் உண்மையைச் சொல்கிறேன்.

"தாள் வந்த அன்னிக்கே எதிர்வீட்டு வாத்தியாரைப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டேன்," என்கிறாள். "வேணாம்னு சொன்னா நீங்க தனியா கெளம்பிடுவீங்க. அதான் கூடவே வந்தேன்."

"பயமா இல்லையா?"

"இல்லாம என்ன? எறங்குங்க, போயிடலாம்."

காய்கறி லோரி அடிவாரத்து ஊரான தாப்பாவை நோக்கி இறங்குகிறது. இருபுறமும் அடர்ந்த காடு. ஒவ்வொரு வளைவிலும் அவள் என் தலையைப் பிடித்துக் கீழே அமுக்குகிறாள். தான் மட்டும் நிமிர்ந்தே உட்கார்ந்திருக்கிறாள்.