கட்டிச் சீனியும் எதிர்க்கடை ரேடியோவும்

டீக்கடை வைத்தவளுக்கு அடுப்பு ஒரு சூடு, குடிக்க வருகிறவர்களின் வாய் இன்னொரு சூடு. இடுப்பில் பிள்ளையோடு டீ ஆற்றியிருக்கும் அக்கா தங்கைமாருக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை.

திண்டுக்கல்லில் திருச்சி ரோட்டோரம் எங்கள் கடை. எதிரே புதுக்கடை திறந்து ரேடியோ வைத்தார்கள். எங்கள் பெஞ்சு காலி. "கூட்டம் திரும்பலேன்னா கடையை மூடிட்டு ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில மூட்டை தூக்கப் போறேன்" என்றார் என் வீட்டுக்காரர். கடைசி முயற்சியாக மதுரையிலிருந்து ஒரு பெட்டி கட்டிச் சீனி வாங்கி வந்தார். சதுரம் சதுரமாக, வெள்ளை வெளேரென்று! டீயோடு தட்டில் இரண்டு கட்டி வைப்போம். அவரவரே போட்டுக் கலக்கிக்கொள்ள வேண்டும். எப்பேர்ப்பட்ட நாகரிகம்!

வாசல் மரியாதை

முதலில் மாட்டியவர் சாணார்பட்டிப் பூக்காரர். தட்டை நீட்டினேன். கல்யாண வீட்டு வாசலில் கல்கண்டு எடுப்பதுபோல் பவ்யமாக ஒன்றை எடுத்து வாயில் போட்டார். பிறகு மற்றதையும். அடுத்து சந்தனம் வருமா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். வரவில்லை. டீயை ஒரு வாய் குடித்தார், முகம் கோணிப்போயிற்று.

"இம்புட்டு மரியாதை பண்ணி உக்கார வச்சுட்டு, டீயில சீனி போட மறந்துட்டியே தாயி!"

சட்டைப்பை

லாரி டிரைவர் ஒருவர், மகளுக்கென்று இரண்டு கட்டியையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெறும் டீயை மடமடவென்று குடித்துவிட்டுப் போனார். மறுநாள் நெஞ்சைச் சொறிந்துகொண்டே வந்து நின்றார்.

"பையெல்லாம் எறும்புக்கா! கியர் போட்டேனா, குதியாட்டம் போட்டேனான்னு எனக்கே தெரியல. இன்னைக்குக் காயிதத்துல மடிச்சுக் குடு!"

பெட்டியில் பாதி தீர்ந்தது. பெஞ்சு மட்டும் நிறையவில்லை. வீட்டுக்காரர் ஒட்டன்சத்திரத்துக்கு பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

அய்யலூர் வெள்ளாடு

பிள்ளைகளுக்குப் பால் வேண்டுமென்று அய்யலூர்ச் சந்தையில் வெள்ளாடு வாங்கி வந்த பக்கத்துத் தெரு பாய் ஒருவர், அதை எங்கள் தூணில் கட்டிவிட்டு டீ குடித்தார். என் இடுப்பிலிருந்த மகன் குனிந்து ஒரு கட்டியை அதன் வாயில் திணித்துவிட்டான்.

மறுநாள் காலை அந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி வருகிறது. பின்னால் பாய். பாய்க்குப் பின்னால் தெருப்பிள்ளைகள். அவர்களுக்குப் பின்னால், கையில் கிளாசோடு எதிர்க்கடைக் கூட்டம் மொத்தமும்! ஆடு பெஞ்சில் முன்னங்கால் இரண்டையும் தூக்கி வைத்து, சீனிப் பெட்டியைப் பார்த்து "மே" என்றது. என் மகனும் "மே" என்றான். சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு அத்தனை பேரும் எங்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற பாய் அவர்களைப் பார்த்துச் சொன்னார்: "எந்தக் கடைக்குப் போகணும்னு என் ஆட்டுக்குத் தெரிஞ்சிருக்கு, உங்களுக்குத் தெரியலையேப்பா!"

எதிர்க்கடை ரேடியோ இன்றைக்கும் பாடிக்கொண்டுதான் இருக்கிறது, மூட்டை தூக்கப் போகவிருந்த என் வீட்டுக்காரரோ அந்த ஆட்டுக்கென்று ஒரு கட்டியை எடுத்து வைத்த பிறகுதான் அடுப்பையே பற்றவைக்கிறார்.