மூன்று மூச்சுக்குப் பிறகு பதில்

கால்சட்டை போட்டவர்களைக் கண்டாலே என் புருஷனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் ரோலரோடு சின்ன வயதிலிருந்தே மல்லுக்கட்டிய மனிதர். ஆனால் தோட்டத்துத் துரை ஏதாவது கேட்டுவிட்டால் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். சொந்தப் பெயரைச் சொல்லவே தடுமாறுவார். எனக்கு எரிச்சலாக வரும். அந்தப் பயத்தை எங்களுக்குச் சோற்றோடு ஊட்டித்தான் வளர்த்தார்கள் என்பது பிறகுதான் புரிந்தது.

இலங்கையில் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து எங்கள் ஆட்கள் நாடற்றவர்களாகி ஏழெட்டு வருடம் கழித்து, எங்கள் விண்ணப்பத்துக்கு விசாரணைக் கடிதம் வந்தது. அவர் இதே தோட்டத்தில் பிறந்தவர். கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. அதை அதிகாரி முன்னால் ஒழுங்காகச் சொன்னால் எங்களுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் இந்த நாடு. இல்லாவிட்டால், அறியாத இந்தியாவுக்கு என்றைக்கு மூட்டை கட்டச் சொல்வார்களோ என்று கிடக்க வேண்டியதுதான். கடிதம் வந்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. ரோலர் பக்கத்தில் கை நடுங்குகிறது, பார்த்துக்கொள் என்று கூட வேலை செய்தவர்கள் என்னிடம் வந்து சொன்னார்கள்.

எனக்கு ஒரு வைத்தியம் தெரிந்திருந்தது. முந்தைய வருடம் குறைப்பிரசவத்தில் பிள்ளை போய் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பக்கத்துக் கட்டிலில் கொத்மலைப் பக்கத்துச் சிங்களப் பெண் ஒருத்தி. நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு புரளும்போதெல்லாம், "ஹுஸ்ம பலன்ன, நங்கி" என்பாள். மூச்சைப் பார், தங்கச்சி. அது உள்ளே போவதையும் வெளியே வருவதையும் மூக்கு நுனியில் கவனி, வேறொன்றும் செய்யாதே என்று அரைகுறைத் தமிழில் சொல்லித் தந்தாள். துக்கம் போகவில்லை. படபடப்பு மட்டும் அடங்கியது.

லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் எங்கள் முட்டைக்கோவாப் பாத்தியோரம் சாக்கை விரித்து, சாயங்காலங்களில் அவரை உட்கார வைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராக்காரி கேலி செய்யாமல் விடவில்லை.

"என்னக்கா, அண்ணன் சாமியாராப் போகப்போறாரா? எங்க வீட்டு ஆளையும் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க, நிம்மதியா இருப்பேன்!"

நான்தான் அதிகாரி. முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு கேள்வி கேட்பேன். அவர் பதறுவார். கடைசியில் ஒரு சட்டம் போட்டேன்.

"இந்தாங்க, கேட்டதும் வாயத் தொறக்காதீங்க. கண்ண மூடி மூணு மூச்சு. அப்புறம் சொல்லுங்க."

"அவங்க கோவிச்சுக்க மாட்டாங்களா புள்ள?"

"நெசத்தத்தானே சொல்லப் போறீங்க? எதுக்குக் கோவம்?"

ஒரு மாதத்தில் ஆளே மாறிவிட்டார். இரண்டாம் முறை சோறு கேட்டார். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் நிமிர்ந்து நின்று பதில் சொன்னாராம். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

விசாரணை டவுனில் நடந்தது. பின்னால் பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். அதிகாரி கேட்பதை ஒருவர் தமிழில் சொன்னார்.

"இந்தியாவுக்குப் போயிருக்கியா?"

அவர் கண்ணை மூடினார். ஒன்று, இரண்டு, மூன்று. நானும் கூடவே எண்ணினேன்.

"இல்லீங்க." குரல் நடுங்கவேயில்லை.

"எங்க பொறந்த?"

மறுபடி கண்ணை மூடினார்.

"ஏன்யா, பொறந்த எடத்தச் சொல்ல இம்புட்டு யோசனையா?" என்று மொழிபெயர்த்தவர் சீறினார். அதற்கும் மூன்று மூச்சு. பிறகுதான், "எங்க தோட்டத்துலதாங்க" என்றார். அதிகாரி எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டே இருந்தார். நல்லதைத்தான் எழுதுகிறார் என்று நினைத்தேன், மடைச்சி.

பஸ்ஸில் வரும்போது, "ஒரு எடத்துலயும் நடுங்கல, பாத்தியா புள்ள?" என்று பிள்ளை மாதிரி சிரித்தார். கல்யாணமாகி அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இரண்டு மாதம் கழித்துத் தபால் வந்தது. அவர் வேலையில் இருந்ததால் நான் தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். கிளாக்கர் ஐயா இங்கிலீஷைப் படித்துத் தமிழில் சொன்னார். விண்ணப்பம் தள்ளுபடி. ஒவ்வொரு கேள்விக்கும் கண்ணை மூடி, யாரோ சொல்லிக்கொடுத்ததை நினைவுபடுத்தித்தான் பதில் சொல்கிறார். இவர் சொல்வதை நம்ப முடியாது என்று எழுதியிருந்ததாம். அந்த அதிகாரியும் போயா என்கிற பௌர்ணமி நாளில் வெள்ளை உடுத்தி, புத்த விகாரையில் இப்படித்தான் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். அந்த அதிகாரியை விட என் மேல்தான் எனக்கு ஆத்திரம்.

வீட்டில் உண்மையைச் சொல்லவில்லை. எல்லாருக்கும்தான் தள்ளுபடியாகிறது என்று மழுப்பினேன். அவர் நம்பினார்.

அடுத்த மாதம், கேலி செய்த பக்கத்துக் காம்பராக்காரியின் புருஷனுக்கு விசாரணைக் கடிதம் வந்தது. அன்று சாயங்காலம் நான் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்தால், கோவாப் பாத்தியோரம் இரண்டு சாக்கு விரித்திருக்கிறது. "அவசரப்படாதீங்கண்ணே, மூணு மூச்சு" என்று இவர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார். அந்த மனிதருக்கு நாலு பிள்ளைகள்.

இவரை உள்ளே கூப்பிட்டுக் கடிதத்தில் இருந்ததை அப்படியே சொன்னேன். சொல்லித் தந்தவள் நான்தானே, என்னைத் திட்டுங்க என்று அழுதேன். அவர் திட்டவில்லை. அடுப்பு விறகை உள்ளே தள்ளிவிட்டுக் கேட்டார்.

"அப்ப நான் நடுங்கியிருந்தா குடுத்திருப்பாங்களா புள்ள?"

என் பதிலுக்குக் காத்திராமல் எழுந்து வெளியே போனார். அந்த மனிதர் கண்ணை மூடியபடி இன்னும் உட்கார்ந்திருந்தார். இவர் அவர் தோளைத் தொட்டு எழுப்பி, "வேணாம்ணே. பயமா இருந்தா, பயந்தே நில்லுங்க" என்றார்.