ராமசெல்வி வாங்கிய கேமிங் லேப்டாப்

"பையனுக்கா மேடம்?"

முப்பத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தி கடைக்குள் வந்து கேமிங் லேப்டாப் வேண்டும் என்று கேட்டால், அதைத் தொடப்போவது அவள் பெற்ற பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்று இந்த ஊரில் எவனோ சட்டம் போட்டு வைத்திருக்கிறான். ராமசெல்விக்குக் கல்யாணமே ஆகவில்லை. முதல் கடையில் அதைச் சொல்லிப் பார்த்தாள். அந்தப் பையன் அவளை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தான். இரண்டாவது கடையிலிருந்து "ஆமா" என்று சொல்லிவிட்டாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். கூட நின்ற எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

நானும் அவளும் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறோம். என் பெயர் சாண்ட்ரா, ராயபுரத்துக்காரி, கேட்டில் லாரிகளுக்குச் சீட்டுப் போடுகிறவள். ராமசெல்வி உள்ளே டேலி பார்க்கிறவள். வருகிற போகிற பெட்டிகளின் எண்ணைக் காகிதத்தோடு ஒத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், அதுதான் டேலி. அவளுடையது அப்பா காலத்தில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். தண்டையார்பேட்டையில் அண்ணன் பொன்ராஜ் அரிசிக் கடை வைத்திருக்கிறார். கடைக்கு மேலே இரண்டு அறை, அதில் அண்ணன் குடும்பத்தோடு இவளும் இருக்கிறாள்.

பதினான்கு வருடமாக வெயிலில் நிற்கிறாள். மேலே கண்ணாடிக் கூண்டில் ஏசி போட்டு உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறார்களே, அவர்களுக்கு எந்தப் பெட்டி எந்த வரிசையில் எத்தனையாவது அடுக்கில் இருக்கிறது என்று வாக்கி டாக்கியில் சொல்வது இவள்தான். இவள் ஒரு நாள் லீவு போட்டால் அன்றைக்கு என் கேட்டில் லாரி வரிசை மெயின் ரோடு வரை நிற்கும். இவளுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்களில் ஏழு பேர் கிரேன் ஏறிவிட்டார்கள். சம்பளம் இரண்டு பங்கு. இவளை யாரும் கேட்கவே இல்லை, பெண் என்பதால் கேட்கத் தோன்றவில்லை.

போன வருடம் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். உள்ளே இருக்கிற ஊழியர்களிலிருந்து நான்கு கிரேன் ஆபரேட்டர்கள் எடுக்கிறோம், ஆண் பெண் யாரும் எழுதிக் கொடுக்கலாம், வயது நாற்பதுக்குள், இரண்டு மாதத்தில் சிமுலேட்டர் டெஸ்ட் என்று இருந்தது. அடுத்த தேர்வு மூன்று வருடம் கழித்துத்தான். அப்போது அவளுக்கு நாற்பத்தொன்று ஆகியிருக்கும். மேலே ஏற அவளுக்கு இதை விட்டால் வேறு வாய்ப்பு கிடையாது.

சிமுலேட்டர் என்றால் நிஜக் கிரேனைப் போலவே திரையில் ஓட்டிப் பழகுவது. எண்ணூர் நெடுஞ்சாலையில் பயிற்சி மையம். அங்கே ஆளுக்கு மொத்தமே மூன்று மணி நேரம்தான் கொடுத்தார்கள். யார்டில் கிரேன் ஓட்டுகிற நசீர்தான் வழி சொன்னான். எங்களைவிடப் பத்து வயது சின்னவன், ஷிப்டு முடிந்ததும் வீட்டில் கேம் ஆடுகிறவன்.

"அந்த சாஃப்ட்வேர சென்டர்லயே குடுப்பாங்கக்கா, வூட்ல போட்டுப் பழகலாம். ஆனா நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஓடாது. கேமிங் லேப்டாப் வேணும்."

அவன் சொன்னதை நம்பாமல் ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். திரையில் லீவரைத் தள்ளினால் மூன்று விநாடி கழித்துப் பெட்டி நகர்ந்தது. அதற்குள் அது லாரி டிரைவர் தலைமேல் இறங்கியிருந்தது.

அவள் கையில் இருந்தது அறுபத்தைந்தாயிரம். அதற்கு மேல் இல்லை, அண்ணனிடம் கேட்கவும் மாட்டாள். அதே காசுக்கு டெஸ்க்டாப் வாங்கினால் இன்னும் வேகமானது கிடைக்கும் என்று நசீர் சொன்னான். அரிசி மூட்டைக்கு நடுவில் அதை எங்கே வைப்பது? சாப்பாட்டு நேரத்தில் யார்டிலும் பழக வேண்டும். அதனால் லேப்டாப்தான் என்று முடிவாயிற்று.

"கீபோர்டுல லைட்டு எரியுதா, மூடில படம் கீதான்னு பாத்துகினு நிக்காத. பேட்டரி ஒன்றரை மணி நேரம்தான் வரும், அத்தயும் மறந்துடு. கிராபிக்ஸ் கார்டு, அதான் உசுரு. அதுலயும் பேர மட்டும் பாத்து ஏமாறாதக்கா. ஒரே பேர்ல ரெண்டு கீது. ஒண்ணுக்கு அம்பது வாட்ஸ் கரண்டு குடுப்பான், இன்னொண்ணுக்குத் தொண்ணூத்தஞ்சு. பேரு ஒண்ணு, வேலை வேற. தடியா, காத்து நல்லா போற மாதிரி கீறத எடு."

இதையெல்லாம் ராமசெல்வி டேலி ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

பெரம்பூரில் ஒரு பெரிய ஷோரூம். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட பையன் ஒரு மெல்லிய லேப்டாப்பை எடுத்து நீட்டினான். வெயிட்டே இல்லை மேடம், லேடீஸ் எல்லாம் இதைத்தான் எடுக்கிறார்கள் என்றான். இவள் தாளைப் பார்த்து, "இதுல கார்டுக்கு எத்தினி வாட்ஸ்?" என்று கேட்டாள். அவன் பக்கத்து மேசைக்காரனைக் கூப்பிட்டு, "டேய், ஆன்ட்டி வாட்ஸ் கேக்கறாங்கடா" என்றான். இருவரும் சிரித்தார்கள். அயர்ன் பாக்ஸ் வாங்க வந்தவள் என்று நினைத்தார்களோ என்னவோ. அவனுக்குப் பதில் தெரியாது, அதுதான் விஷயம். தெரியாததை மறைக்கக் கேட்டவளைப் பார்த்துச் சிரித்தான். நான் வாயைத் திறப்பதற்குள் ராமசெல்வி என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டாள்.

இப்படி மூன்று கடை ஏறி இறங்கி, அடுத்த சனிக்கிழமை கம்ப்யூட்டர் கடைகளாகவே இருக்கிற ரிச்சி தெருவுக்குப் போனோம். அங்கே ஒரு கடையில் மட்டும் மரியாதையாகப் பேசினார்கள். தடியான கறுப்பு லேப்டாப் ஒன்று மேசையில் ஓடிக்கொண்டிருந்தது. இவள் பென் டிரைவைச் செருகிச் சிமுலேட்டரைப் போட்டாள். லீவரைத் தொட்டதும் பெட்டி ஏறியது, நிறுத்தியதும் நின்றது. விலை அறுபத்து நாலாயிரத்துச் சொச்சம். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் யார்டில் பார்த்ததே இல்லை. இதே மாடலில் புதுப் பீஸ் தருகிறோம் என்று குடோனிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி வந்தது. கடைக்காரப் பையன் பிரித்துக் காட்டக் கத்தியை எடுத்தான்.

ராமசெல்வி அவன் கையைத் தடுத்தாள். "பிரிக்காத. நம்பரப் பாத்துக்கறேன்."

இதை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். எங்கள் யார்டில் சீல் வைத்த பெட்டியை நாங்கள் திறப்பதில்லை. கஸ்டம்ஸ் ஆள் இல்லாமல் சீலைத் தொட்டால் வேலை போய்விடும். சீல் உடையாமல் இருக்கிறதா, பெட்டி எண்ணும் காகிதத்தில் உள்ள எண்ணும் ஒன்றா, அவ்வளவுதான் எங்கள் பொறுப்பு. உள்ளே இருப்பது அனுப்பியவன் பாடு. பதினான்கு வருடம் அப்படியே பழகிய கை. பெட்டியை நான்கு பக்கமும் திருப்பி டேப்பைத் தடவிப் பார்த்தாள், எண்ணைப் பில்லோடு ஒத்துப் பார்த்தாள், கையெழுத்துப் போட்டாள். அவள் நறுக்கென்று கையெழுத்துப் போட்ட அழகைப் பார்த்து நானும் பெருமையாக நின்றேன். பில்லோடு பெட்டியை ஒத்துப் பார்த்தோமே, மேசையில் ஓடியதோடு பெட்டிக்குள் இருப்பதை ஒத்துப் பார்க்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. எங்கள் தலையில் நாங்களே அடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

வீட்டில் சிமுலேட்டரைப் போட்டால் திரையில் கன்டெய்னர் தத்தித் தத்தி இறங்கியது. திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் நசீர் லேப்டாப்பை வாங்கி எதையோ தட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

"அம்பதுதான்கா. அவன் மேஜைல வெச்சிகினு கீறது தொண்ணூத்தஞ்சாதான் இருக்கும். பேரு அதேதான், வெலையும் அதேதான்."

அட்டைப்பெட்டியின் வெளியே எங்கேயும் இந்த வாட்ஸ் கணக்குப் போடவில்லை. போட வேண்டும் என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லையாம். பாக்கெட்டில் விற்கிற மிளகாய்த் தூளுக்குக்கூட எடை போட்டிருக்கிறான், அறுபத்து நாலாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு இதைப் போட முடியாதா?

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு மறுபடி ரிச்சி தெரு. அன்றைக்கு மரியாதையாகப் பேசிய அதே மேனேஜர் இன்றைக்கு உட்கார்ந்தபடியே பேசினார்.

"சீல் பிரிச்சாச்சு மேடம், ரிட்டர்ன் கிடையாது. பில்லும் பாக்ஸும் டேலி ஆகுது இல்ல? நீங்களே செக் பண்ணித்தானே சைன் போட்டீங்க. கேம்ல செட்டிங்ஸைக் குறைச்சு வெச்சு ஆடச் சொல்லுங்க உங்க பையனை."

நான் கத்தத் தயாரானபோது ராமசெல்வி தன் லேப்டாப்பை மேசையில் இருந்ததன் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் சிமுலேட்டரைப் போட்டாள். ஒரே பெட்டி, ஒரே லாரி. அங்கே இறங்கி உட்கார்ந்தது. இங்கே பாதியில் நின்று, குதித்து, லாரியின் முன்பக்கத்தை நசுக்கியது. மறுபடி போட்டாள். மூன்றாவது முறை போட்டபோது கடையில் இருந்த நாலைந்து காலேஜ் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள்.

"இது எந்த கேம்கா?" என்றான் ஒருத்தன்.

"கேம் இல்லபா. என் வேலை. ரெண்டும் ஒரே மிஷினுன்னு சொல்லிக் குடுத்தாரு உங்க அண்ணாத்த."

கல்லாவில் பணம் கட்டக் கார்டை நீட்டிக்கொண்டிருந்த இன்னொரு பையன் திரும்பிப் பார்த்தான். "அண்ணா, எனக்கு பேக் பண்றீங்களே, அது இதுல எது?" என்று கேட்டான். கல்லாக்காரர் மேனேஜர் முகத்தைப் பார்த்தார். அவன் கார்டை எடுத்துப் பர்சில் வைத்துக்கொண்டான்.

அப்புறம்தான் மேனேஜர் எழுந்தார். மேசையில் இருந்த பீஸைக் கொடுத்துவிடுகிறேன், மூடியில் கீறல் இருக்கிறது, அதற்கு அப்புறம் குறை சொல்லக்கூடாது என்றார். கீறலைப் பற்றி ராமசெல்விக்கு என்ன கவலை. இந்த முறை மிஷினைத் திறந்து, நசீர் சொல்லிக்கொடுத்த இடத்தில் தொண்ணூற்றைந்து என்று தன் கண்ணால் பார்த்து, பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்த பிறகுதான் பேனாவை எடுத்தாள்.

ஏழு வாரம் பழகினாள். சாப்பாட்டு நேரத்தில் என் கேட்டு ரூமில், ராத்திரியில் அரிசி மூட்டைக்கு நடுவில். கையில் சோற்று டப்பா, திரையில் கன்டெய்னர். "வயசான காலத்துல ஒக்காந்து கேம் ஆடுது" என்று பொன்ராஜ் அண்ணன் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரித்தார். மனுஷர் தங்கை என்ன செய்கிறாள் என்று ஒரு முறை மாடியேறி எட்டிப் பார்த்திருக்கலாம்.

டெஸ்டுக்குப் பதினோரு பேர் போனார்கள். மதிப்பெண் பட்டியலை போர்டில் ஒட்டியபோது முதல் பெயர் ராமசெல்வி. நான் அவளைக் கட்டிப்பிடித்தேன். நசீர்தான் கீழே படித்தான். தேர்வு செய்யப்பட்டவர்கள் என்று நான்கு பெயர், இரண்டாவது இடத்திலிருந்து ஐந்தாவது இடம் வரை. ராமசெல்வி பெயருக்கு எதிரே, அடுத்த தேர்வில் பரிசீலிக்கப்படும் என்று இருந்தது.

நேராக யார்டு மேனேஜர் அறைக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"உன் மேல எந்தக் குறையும் இல்லம்மா," என்றார் அவர். "கிரேன் பக்கத்துல லேடீஸ் டாய்லெட் இல்ல. ஃபெசிலிட்டி இல்லாம எப்படி மேல ஏத்தறது? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

ராமசெல்வி அவர் மேசையை ஒட்டி வந்து நின்றாள்.

"சார், பதினாலு வருசமா இதே யார்டுல நின்னுகினு கீறேன். கீழயும்தான் டாய்லெட் இல்ல. இத்தினி நாளா நா எங்க போய் வந்துகினு இருந்தேன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

அவர் கேட்டதில்லை. யாரும் கேட்டதில்லை. தினமும் அவளோடு அரை கிலோமீட்டர் நடந்து ரோட்டோரப் பெட்ரோல் பங்குக்குப் போய் வருகிற நானும் இத்தனை வருடத்தில் வாயைத் திறந்ததில்லை. ஷோரூம் பையன் சிரித்ததற்கும் கடை மேனேஜர் ஏமாற்றியதற்கும் கொதித்த எனக்கு, இது அநியாயம் என்றே தோன்றாமல் போயிருக்கிறது. அந்த அறையில் நின்றுகொண்டு எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது.

அவர் தாளைப் புரட்டினார், யாருக்கோ போன் போட்டார், கடைசியில் நான்காவது பெயரை அடித்து இவள் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த திங்கட்கிழமை காலையில் ராமசெல்வி மூன்றாம் எண் கிரேனில் ஏறினாள்.

டாய்லெட் இன்னும் கட்டவில்லை. பதினொரு மணிக்குக் கிரேனை நிறுத்திவிட்டு, எழுபது படி இறங்கி வந்து, என்னைக் கூட்டிக்கொண்டு அதே பங்குக்குத்தான் நடக்கிறாள். அவள் திரும்பி ஏறுகிற வரைக்கும் லாரிகள் வரிசையில் நிற்கின்றன. ஏன் லேட் என்று கேட்கிற டிரைவர்களை இப்போதெல்லாம் நான் மேனேஜர் அறைக்கு அனுப்பிவிடுகிறேன்.