தேத்தண்ணி மேசைக்கு விழுந்த வாக்குகள்

எனக்கு வாக்கு இல்லாத தேர்தல்களில்தான் எனக்கு அபிப்பிராயம் அதிகம். நான்கு வருடத்துக்கு ஒருமுறை, பனிக்காலம் முழுவதும், அமெரிக்க எல்லைக்கு வடக்கே, பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டுச் சோபாவில் சாய்ந்தபடி, அமெரிக்கர்கள் தங்கள் ஜனாதிபதி வேட்பாளர்களைத் தெரிவுசெய்வதை மேற்பார்வை செய்வேன். அவர்களுக்கு அது தெரியாது.

கட்சித் தலைவர் ஓர் அறைக்குள் இருந்து பெயரை அறிவிக்க, வெளியே வெடி கொளுத்தும் அரசியலைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஒரே கட்சிக்காரர் பத்துப் பேர் மாநிலம் மாநிலமாக அலைந்து, "என்னை நிறுத்துங்கள்" என்று சனத்திடம் கேட்பது எனக்கு இன்றும் அதிசயம்தான். பெரும்பாலான மாநிலங்களில் நடப்பது பிரைமரி: இரகசியமாக வாக்களித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். சில இடங்களில் காக்கஸ்: கட்சிக்காரர் ஒரு மண்டபத்தில் கூடிக் கதைத்து முடிவெடுப்பார்கள். இரண்டிலும், கிடைத்த ஆதரவைப் பொறுத்து வேட்பாளருக்குப் பிரதிநிதிகள் சேருவார்கள். அந்தப் பிரதிநிதிகள் கோடையில் மாநாடு கூடி ஒருவரை அறிவிப்பார்கள்.

என் மனம் பறிபோனது பழைய பாணிக் காக்கஸிடம். ஆதரிக்கிறவரின் மூலையில் எல்லோரும் பார்க்கப் போய் நிற்க வேண்டும். போதிய ஆட்கள் சேராத மூலை கலைந்துவிடும். அதில் நின்றவர்களை மற்ற மூலைக்காரர் வந்து கதைத்து இழுப்பார்கள்.

இந்த ஞானத்தைப் பயன்படுத்த எனக்கும் ஒரு சந்தர்ப்பம் வந்தது. நாங்கள் எதிர்பாராத வயதில் பிறந்த மகளின் தயவால், ஐம்பது கடந்தும் நான் பெற்றோர் கூட்டங்களுக்குப் போகிறவன். செப்டெம்பரில் பெற்றோர் கூடி, பள்ளிக்கூட நிர்வாகச் சபைக்குத் தங்கள் பிரதிநிதிகளைத் தெரிவுசெய்வார்கள். முந்தின வருடம் ஓர் இடத்துக்கு மூன்று தமிழர் போட்டியிட்டு, வாக்குகளைப் பிரித்து, மூவரும் தோற்றோம். அதில் கடைசியாக வந்தவர் யாரென்று சொல்லும் அவசியம் இல்லை.

"முதல்ல நாங்களே ஒராளைத் தெரிவம். பேந்து எல்லாரும் அவருக்கே போடுவம்," என்றேன் இந்த முறை. தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தை ஒரு ஞாயிறு பின்னேரத்துக்குக் கேட்டு வாங்கினோம். வேட்பாளர் மூவர்: எங்கள் தெருமூலையில் டெப்பனர் எனப்படும் சில்லறைக் கடை வைத்திருக்கும் கடைக்காரர், லாசாலில் ஒரு பொதிசெய்யும் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு தாய், நான்.

விதிகளை நானே விளக்கினேன். சற்று நீளமாகத்தான்.

"துண்டில எழுதிப் போட்டால் என்ன, அண்ணை?" என்று ஒருவர் கேட்டார்.

"அது பிரைமரி. அதில மனம் மாத்தக் கதைக்க இடமில்லை," என்றேன். கதைத்தால் நான் வெல்வேன் என்பது என் கணிப்பு.

மூவரும் மூன்று மூலைகளுக்குப் போனோம். சனம் அசையவில்லை. கடைக்காரரை விட்டுவிட்டு நாளைக் காலை அவரிடமே எப்படிப் பால் வாங்குவது? என்னை விட்டால் நான் காரணம் கேட்பேன். அதுவும் நீளமாக இருக்கும். ஒருவர் முகமும் கோணாமல் நிற்கக்கூடிய இடம் அந்த மண்டபத்தில் ஒன்றுதான் இருந்தது. ஏறக்குறைய எல்லோரும் நடுவில் இருந்த தேத்தண்ணி மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அண்ணை, உங்கட அமெரிக்க முறையில தேத்தண்ணி வெண்டிட்டுது," என்றார் கடைக்காரர். அவர் மூலையில் அவருடைய மச்சான் மட்டும். என் மூலையில் நானும், கழிப்பறை எங்கே என்று கேட்க வந்த ஒருவரும். அந்தத் தாயின் மூலையில் அவரும் என் மனைவியும்.

நான் பார்த்த பார்வைக்கு மனைவி மண்டபம் கேட்கப் பதில் சொன்னாள்: "என்னப்பா பாக்கிறியள்? உங்களுக்குக் கதைக்க வீடு இருக்குத்தானே."

அப்போது அந்தத் தாய் தன் மூலையை விட்டு மேசைக்குப் போனார். வாக்குக் கேட்கவில்லை. கோப்பையோடு நின்ற ஒரு பெண்ணிடம், "அக்கா, பின்னேரம் உங்கட மகனைப் பள்ளிக்கூடத்தால ஆர் கூட்டிவாறது?" என்று கேட்டார்.

"அவர்தான். டாக்ஸியை இடையில விட்டிட்டு ஓடிவாறார். வந்து என்னோட சண்டை."

"நானும் மெட்ரோவால இறங்கி ஒரே ஓட்டம். கார்டரியை ஐஞ்சரைக்குப் பூட்டீனம். ஷிப்ட் மாத்தேலாது எண்டு வேலையிலயும் சொல்லிட்டினம். ஆறேகால் மட்டும் திறந்து வைச்சால் எனக்கு வேலை தப்பும். இல்லாட்டி நத்தாரோட வேலையை விடவேணும். சபையில ஒராள் கேட்டால்தான் நடக்கும். அதைத்தான் கேக்கப் போறன். வேற ஒண்டும் எனக்குத் தெரியாது."

பள்ளி விட்டபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்தக் கார்டரி எத்தனை மணிக்கு மூடுகிறது என்பது எனக்கு அன்றுதான் தெரியவந்தது; எங்கள் மகளைக் கூட்டிவருவது அதுவரை மனைவிதான். என் தேர்தல் உரையில் பன்மொழிக் கல்வியின் எதிர்காலம் இருந்தது.

அக்கா கோப்பையோடு நடந்து அவருடைய மூலையில் போய் நின்றார். பின்னால் இன்னொருத்தி. பிறகு இரண்டு தகப்பன்மார், ஒருவரை ஒருவர் பார்த்தபடி. கொஞ்ச நேரத்தில் மேசையருகே தேத்தண்ணிப் பானை தனியாக நின்றது. தொலைக்காட்சியில் எத்தனையோ முறை பார்த்த காட்சிதான். ஆனால் மற்றவர் பார்க்கத் தன் மனத்தை மாற்றிக்கொண்டு நடப்பதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது சோபாவில் இருந்தபோது தெரியவில்லை.

கடைக்காரர் மச்சானின் தோளில் தட்டினார். "வாடா, நாங்களும் போவம். பிள்ளையளைக் கூட்ட வாறவை எல்லாம் இனி ஓடாமல் ஆறுதலாச் சாமான் வாங்குவினம்." கழிப்பறை கேட்டு வந்தவர் எப்போதோ அந்த மூலைக்குப் போய்விட்டிருந்தார். என் மூலை நான் வகுத்த விதிப்படியே கலைந்தது. என்னை இழுக்க யாரும் வரவில்லை; நானே நடந்தேன்.

செப்டெம்பர் கூட்டத்தில் அந்தத் தாய் தொழிற்சாலையில் பழகிய பிரெஞ்சில் அதே விஷயத்தை, அதே சுருக்கத்தில் சொன்னார். எங்கள் கைகள் எல்லாம் ஒன்றாக உயர்ந்தன. டாக்ஸிக்காரர் இரண்டு கையையும் தூக்கி மனைவியிடம் ஏச்சு வாங்கினார். எங்களுக்கு முன்னால் இருந்த வேற்றுமொழிப் பெற்றோரும் திரும்பிப் பார்த்துவிட்டுக் கை தூக்கினார்கள். அவர் வென்றார். நத்தார் பண்டிகைக்கு முன்பே, ஆறேகால் வரை திறந்து வைக்கச் சபை இணங்கியது.

இப்போது பின்னேரங்களில் அவரைக் காண்கிறேன். மெட்ரோ வாசலில் இருந்து பனியில் நிதானமாக நடந்து வருவார், சில நாள் யாரோடோ போனில் சிரித்துக் கதைத்தபடி. நேரம் கூடிவிட்டது என்ற நம்பிக்கையில், மகளைக் கூட்டிவர வீட்டை விட்டுப் பிந்திக் கிளம்புகிறவன் நான்தான்.

"பார்த்து அண்ணை, வழுக்கும்," என்பார், நான் அவரைத் தாண்டி ஓடும்போது.